துண்டறிக்கையை அடியிலிருந்து படியுங்கள்

சம்பள வாரத்தில் மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புறப் பட்டணத்துக்கு வந்து, மோட்டாரை நிறுத்திவிட்டு மளிகை வாங்கப் போனால், திரும்பி வருவதற்குள் கூடையில் இரண்டு மூன்று தாள் விழுந்திருக்கும். மூட்டு வலிக்கு மாத்திரை, தண்ணீர் வடிகட்டி, அவசரக் கடன். மாதக் கடைசியில் அதே கூடை காலியாகக் கிடக்கும். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கூலி கைக்கு வந்தாக வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் காசு எந்த நாளில் புரளும் என்பது விளம்பரம் போடுகிறவருக்கு அத்துப்படி. மனம் இளகியிருக்கும் நாளைப் பார்த்து வருவதுதான் விளம்பரத்தின் முதல் வேலை. எழுத்தும் படமும் அதற்குப் பிறகுதான்.

அந்தத் தாளை நாம் தலைகீழாகப் படிக்க வேண்டும். வழக்கமாகக் கொட்டை எழுத்தில் ஆரம்பித்து, படத்தைப் பார்த்து, விலைக்கு வருகிறோம். அடியில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும் வரிக்குக் கண் போவதற்குள் மனசு முடிவு கட்டிவிடுகிறது. மேல்பாதியை எழுதுகிறவர் விற்பனைக்காரர். அடிவரியை எழுத வைப்பது சட்டம். ஆகவே அடிவரியை முதலில் பாருங்கள். அங்கே இருக்க வேண்டியது இல்லையென்றால், மேலே எழுதியிருப்பதைப் படிக்கவே வேண்டாம்.

எதைப் பார்ப்பது என்று மருந்துத் தாளிலிருந்து தொடங்குகிறேன். நம் பெரியவர்களின் பணம் அதிகம் போவது அதில்தான், உயிருக்கு ஆபத்தும் அதில்தான்.

மலேசியாவில் மருந்து விளம்பரத்தை ஆளும் சட்டம் 1956ஆம் ஆண்டு மருந்து (விளம்பரம், விற்பனை) சட்டம். அதன்படி ஒரு மருந்தைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்ய, சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் ஓர் எண் தருவார்கள். கேகேஎல்ஐயூ என்ற எழுத்துகள், பிறகு ஓர் எண், அதோடு ஆண்டு அல்லது காலாவதித் தேதி. மருந்துத் தாளின் அடியில் தேட வேண்டியது இதைத்தான். அது விளம்பரத்துக்குக் கொடுத்த எண். அந்தத் தாளில் உள்ள வாசகத்தை வாரியம் பார்த்தது என்று பொருள். ஒரே மருந்துக்கு வேறு வாசகத்தில் வேறு தாள் அடித்தால் அதற்குத் தனியாக ஒப்புதல் வேண்டும். பழைய எண்ணை எடுத்துப் புதுத் தாளில் ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. தேதியைப் பார்த்தாலே பாதி பிடிபடும்.

மருந்துக்குக் கொடுக்கும் பதிவெண் வேறு. எம்ஏஎல் என்று தொடங்கி, எட்டு இலக்கம் வந்து, கடைசியில் ஓர் எழுத்து இருக்கும். அந்தக் கடைசி எழுத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. டி (T) என்றால் பாரம்பரிய மருந்து. என் என்றால் ஊட்டச்சத்துத் துணைப்பொருள். எக்ஸ் என்றால் மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கக்கூடியது. ஏ என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மருத்துவரோ மருந்தாளரோ கொடுக்க வேண்டும். டி எழுத்துள்ள பொருளைப் பதிவு செய்யும்போது தேசிய மருந்தியல் ஒழுங்குமுறைப் பிரிவு பார்ப்பது பாதுகாப்பையும் தரத்தையும். காரீயம், ஆர்செனிக், பாதரசம், காட்மியம் அளவு மீறியிருக்கிறதா, கிருமி இருக்கிறதா, கள்ளத்தனமாக இரசாயன மருந்து கலந்திருக்கிறதா என்பவை. குணப்படுத்துகிறதா என்று நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்துக் கொடுக்கும் எண் என்று அதை நினைத்துவிடக் கூடாது. 'பாரம்பரியமாக இன்னதற்குப் பயன்படுத்தப்படுவது' என்று சொல்லத்தான் அந்தப் பதிவு இடம் கொடுக்கிறது. 'அரசாங்கமே அங்கீகரித்துவிட்டது' என்று விற்பனைக்காரர் சொல்லும்போது, இந்தச் சின்ன எண்ணுக்குப் பெரிய சட்டை போட்டு விடுகிறார்.

பூசும் களிம்பு, முகத்துக்குப் போடும் கிரீம், உடம்புக்குத் தேய்க்கும் வாசனை எண்ணெய் ஆகியவை அழகுப் பொருளாக அறிவிக்கப்பட்டிருந்தால் என்ஓடி (NOT) என்று தொடங்கி கே எழுத்தில் முடியும் எண் இருக்கும். அது வெறும் அறிவிப்பு எண். 'இந்தப் பொருளைச் சந்தையில் விடுகிறேன்' என்று நிறுவனம் அமைச்சுக்குச் சொன்னதற்கு அத்தாட்சி, அவ்வளவே. அந்த எண்ணை வைத்துக்கொண்டு வலி போகும், வீக்கம் வடியும், தேமல் மறையும் என்று சொல்ல உரிமை கிடையாது. முகம் வெளுக்கும் கிரீம்களில் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கண்டுபிடிக்கப்பட்டு அறிவிப்பு எண் இரத்தான பட்டியலைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது.

இன்னும் சில முத்திரைகள் தாளின் ஓரத்தில் வரிசையாக நிற்கும். ஹலால் முத்திரை, தயாரிப்பு இடத்தின் சுத்தத்துக்கான மெஸ்டி முத்திரை, நிறுவனப் பதிவு எண், வணிகச் சின்னம். ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றுகூட மருந்து வேலை செய்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. சமையலறை சுத்தமாக இருப்பதற்கும் குழம்பு சர்க்கரை நோயைப் போக்குவதற்கும் என்ன சம்பந்தம்? நம்பத்தக்க இடத்திலிருந்து நம்பிக்கையைக் கடன் வாங்கி, சம்பந்தமில்லாத இடத்தில் செலவு செய்கிறார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் படமும் இதே வகைதான்.

எண்ணைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். தேசிய மருந்தியல் ஒழுங்குமுறைப் பிரிவின் இணையப் பக்கத்தில் பொருள் தேடும் பகுதி இருக்கிறது. எண்ணைத் தட்டச்சு செய்து, வரும் பெயரும் தயாரிப்பாளரும் உங்கள் கையில் உள்ள பெட்டியோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எண் இருக்கிறது என்ற அளவில் நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு நிறுவனத்தின் இருமல் மருந்து எண்ணைத் திருடி மூட்டு மாத்திரையில் அச்சடிப்பதுதான் வழக்கமான தில்லுமுல்லு. பதிவான மருந்துப் பெட்டியில் ஹோலோகிராம் ஒட்டும் இருக்க வேண்டும்.

இனி மேலே போகலாம்.

'சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகம், ஆஸ்துமா, ஆண்மைக் குறைவு, அனைத்துக்கும் ஒரே தீர்வு.' இந்த ஒரு வரி தாளில் இருந்தால் எந்த எண்ணையும் சரிபார்க்கத் தேவையில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் 20 நோய்கள் இருக்கின்றன. அவற்றைத் தடுக்கும், குணமாக்கும், கண்டறியும் என்று எந்தப் பொருளுக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது. சிறுநீரக நோய், இருதய நோய், சர்க்கரை நோய், வலிப்பு, பக்கவாதம், காசநோய், ஆஸ்துமா, தொழுநோய், புற்றுநோய், காது கேளாமை, போதைப் பழக்கம், குடலிறக்கம், கண் நோய், இரத்த அழுத்தம், மனநோய், குழந்தையின்மை, பாலியல் தொடர்பான குறைபாடுகளும் நோய்களும் அந்தப் பட்டியலில் அடங்கும். முதல்முறை பிடிபட்டால் 3,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 5,000 வெள்ளி, இரண்டாண்டு. ஒரு சம்பள வாரத்தில் திரட்டக்கூடிய பணத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தொகை மிகச் சிறியது. இந்தத் தாள்கள் இன்னும் ஓயாமல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. பதிவு செய்யாத மருந்தை விற்றால் வேறு சட்டம். 1952ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டப்படி தனிநபருக்கு முதல்முறை 25,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை.

பட்டியலில் இந்த நோய்களைப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை நாள்பட்டவை. பயம், வெட்கம், விரக்தி மூன்றும் சூழ்ந்தவை. சர்க்கரைக்காரர் ஒருவர் அரசாங்கக் கிளினிக் மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைப் போத்தலுக்கு மாறினால் முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்துக் கால் புண்ணாகவும் கண் மங்கலாகவும் அது தெரியவரும். அப்போது தாள் அச்சடித்தவரின் எண் வேலை செய்யாது.

தாள் இரண்டு மொழியில் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். மலாய் வரியையும் தமிழ் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலாயில் 'மெம்பந்து' என்று இருக்கும். துணைபுரியும் என்று பொருள். தமிழில் அதே இடத்தில் 'குணப்படுத்தும்' என்று வந்திருந்தால், அதிகாரி படிக்கக்கூடிய மொழியில் அடக்கமாகவும் பாட்டி படிக்கும் மொழியில் துணிச்சலாகவும் எழுதியிருக்கிறார்கள். சட்டம் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். தமிழில் சொன்ன பொய்யும் பொய்தான், புகாருக்கு உரியதுதான்.

'100 விழுக்காடு மூலிகை, பக்கவிளைவு அறவே இல்லை' என்பதும் ஒப்புதல் கிடைக்காத வாசகம். அரளியும் மூலிகைதான்.

'இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது' என்று ஒரு பாட்டி படத்தோடு சொல்லியிருந்தால் இரண்டு விளக்கம் சாத்தியம். முதலாவது, மூட்டு வலி இயல்பாகவே ஏறி இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் புது மருந்து வாங்குவார். எதுவும் செய்யாமல் இருந்தாலும் அடுத்த சில நாளில் அது கொஞ்சம் தணியும். தணிந்த பெருமை போத்தலுக்குப் போகிறது. தணியாத நூறு பேரின் படத்தை யாரும் போடுவதில்லை. இரண்டாவது விளக்கம் பயங்கரமானது. போத்தலில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பதிவில்லாத மூட்டு வலி மருந்துகளில் அதிகாரிகள் இதைப் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். உண்மையிலேயே வலி சட்டென்று போகும், பசி எடுக்கும், தெம்பு வரும். பிறகு முகம் நிலாபோல் உப்பும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும், தோல் காகிதமாகும். உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டை நிறுத்திக்கொள்வதால், பல வாரம் சாப்பிட்டவர் திடீரென்று விட்டால் மயங்கி விழுந்து உயிருக்கே மோசம் வரலாம். வீட்டில் யாராவது அப்படிப்பட்ட மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது தெரிந்தால் திட்டிப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். போத்தலோடு அன்றே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். ஆண்மைக் காப்பியில் சில்டெனாஃபில், மெலியவைக்கும் பொடியில் சிபுட்ரமின் என்று இதே கதை வேறு பெயரில் நடக்கிறது. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைப்பவர் அந்தக் காப்பியைக் குடித்தால் இரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும்.

விலைப்பகுதிக்கு வந்தால், 398 வெள்ளி என்று எழுதிச் சிவப்பில் அடித்து, பக்கத்தில் 99 வெள்ளி 90 காசு என்று போட்டிருப்பார்கள். முதலில் கண்ணில் படும் எண் நங்கூரம் மாதிரி. அதன்பிறகு வரும் எந்த எண்ணையும் அதோடுதான் மனம் ஒப்பிடும். இதை ட்வெர்ஸ்கி, கானெமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974இல் எழுதிக் காட்டினார்கள். வியாபாரிகளுக்கு அதற்கு முன்பே தெரியும். அந்த 398 வெள்ளிக்கு யாராவது எப்போதாவது வாங்கினார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இல்லாத பழைய விலையைக் காட்டுவது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'மூன்று போத்தல் எடுத்தால்தான் பலன் தெரியும்' என்று அடுத்து வரும். 299 வெள்ளி 70 காசு. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல்.

திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் தனிச் சக்தி உண்டு. கேட்ட வாக்கியம் மறுபடியும் காதில் விழும்போது உண்மைபோல் தோன்றுகிறது என்று 1977இல் மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் சோதனையில் காட்டினார்கள். காலையில் வானொலியில், பத்து மணிக்குக் கடைச் சுவரில், மாலையில் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அத்தையின் பகிர்வாக. மூன்றாவது முறை வரும்போது 'எல்லாரும் சொல்கிறார்களே' என்று தோன்றும். சொன்னது ஒரே ஆள்தான்.

வீட்டுக்கே வந்து செய்து காட்டும் வித்தையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தண்ணீர் வடிகட்டி விற்க வருகிறவர் 'அக்கா, உங்கள் குழாய்த் தண்ணியில என்ன இருக்குன்னு நீங்களே பாருங்க' என்று இரண்டு கண்ணாடிக் குவளை கேட்பார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த வடிகட்டிய தண்ணீர். இரண்டிலும் இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் தொங்கும் ஒரு சாதனத்தை வைத்து மின்சாரத்தில் மாட்டுவார். ஒரு நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகிச் சேறு மிதக்கும். வடிகட்டிய தண்ணீர் தெளிவாக நிற்கும். பார்த்தவர் பயந்துபோவார்.

அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வந்தது. குழாய்த் தண்ணீரில் கால்சியம், சோடியம் போன்ற உப்புகள் இயற்கையாகவே கொஞ்சம் கரைந்திருக்கும். அவை மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் ஓடியதும் இரும்புக் கம்பி கரைந்து துருவாகி மிதக்கிறது. அவருடைய வடிகட்டி அந்த உப்புகளை எடுத்துவிட்டதால் மின்சாரம் ஓட வழியில்லை, கம்பி கரையவில்லை. சோதிக்க வேண்டுமானால் அவருடைய தெளிந்த குவளையில் ஒரு சிட்டிகை சமையல் உப்புப் போட்டு, 'இப்போ மறுபடியும் மாட்டுங்க தம்பி' என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீரைவிடக் கறுப்பாக வரும். மின்சாரச் சாதனத்தை மட்டும் நீங்கள் தொடாதீர்கள்.

அடுத்து பேனாபோல் ஒரு கருவியை விட்டு 'இங்க 80, இங்க 3' என்று காட்டுவார். அது கரைந்த உப்பின் அளவு. நாட்டின் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. கிருமியைப் பற்றி அந்தக் கருவிக்கு ஒன்றும் தெரியாது. ஒரு சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளாகும் இன்னொரு சோதனை குளோரினைக் காட்டுவது. குழாயின் கடைசி வீடு வரை கிருமி வராமல் காப்பதற்காக லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது அதே தரத்தின் விதி. மஞ்சள் வந்தால் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டிருக்கிறது என்று நிம்மதி அடையலாம். பழைய குழாயில் துரு வரும் லயங்களிலும் மழைக்குப் பின் கலங்கும் இடங்களிலும் வடிகட்டி உண்மையாகவே உதவும். அப்படி வேண்டுமானால் தேவையைப் பார்த்து வாங்குங்கள்; சேற்றைப் பார்த்து வேண்டாம்.

வீட்டுவாசலில் வாங்கியவருக்குச் சட்டம் ஒரு நல்ல வாய்ப்புத் தருகிறது. 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனை, பிரமிட் திட்டத் தடுப்புச் சட்டப்படி அந்த நிறுவனத்துக்கு ஏஜேஎல் என்று தொடங்கும் உரிமம் வேண்டும். வந்தவர் அடையாள அட்டையையும் நிறுவனம் தந்த அதிகார அட்டையையும் காட்ட வேண்டும். 300 வெள்ளியும் அதற்கு மேலும் உள்ள விற்பனைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். கையெழுத்துப் போட்டபின் 10 வேலை நாளுக்குள் எழுத்து மூலம் இரத்துச் செய்யலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சனி, ஞாயிறு, பொது விடுமுறை அந்தப் பத்தில் சேராது. பதிவுத் தபாலில் அனுப்பி இரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 'பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், இனி முடியாது' என்று தொலைபேசியில் சொல்வார்கள். தயங்காமல் கடிதத்தை அனுப்புங்கள்.

எல்லா விளம்பரமும் மோட்டார் கூடையில் வருவதில்லை. டின் பால் அடுக்களை அலமாரியிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த டின்னை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பசுவோ பால் துளியோ இருக்கலாம். பெயர் 'கிரிமர் மானிஸ்' என்று இருந்தால் அது பால் அல்ல, இனிப்பூட்டிய கிரீமர். உணவு விதிமுறைப்படி உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாக எழுத வேண்டும். சர்க்கரை எத்தனையாவது, செம்பனை எண்ணெய் எத்தனையாவது, பால் திடப்பொருள் எத்தனையாவது என்று விரல் வைத்துப் படியுங்கள். நம் தோட்டத்துக் குலையின் எண்ணெய்தான் பால் என்ற நினைப்பில் பிள்ளையின் கோப்பைக்கு வருகிறது. தேநீருக்குப் போடுவதில் குற்றம் சொல்லவில்லை. கைக்குழந்தைக்குக் கரைத்துக் கொடுப்பதுதான் ஆபத்து. 1939இல் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் ஒரு கூட்டத்தில் எழுந்து, இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தை உணவு என்று பரப்புவதைக் கொலை என்றே சொன்னார். மலாயாவின் ஏழைத் தாய்மாரிடம் விளம்பரம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அவர் வார்டில் கண்ணால் பார்த்தவர். கைக்குழந்தைப் பால்மாவைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக்கூடாது என்ற நெறிமுறை மலேசியாவில் 1979இல் வந்தது.

சிகரெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விளம்பரம் தடை, ஆதரவு தருவது தடை. 2025 ஏப்ரல் 1 முதல் கடையில் கண்ணில் படும்படி அடுக்கி வைப்பதும் தடை.

மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் கடன் ஒட்டியைப் பார்ப்போம். ஒரு பெயர், ஒரு கைப்பேசி எண், 'அடையாள அட்டை போதும்'. அடியிலிருந்து படிக்க அதில் அடியே கிடையாது. அதுவே போதிய சாட்சி. உரிமம் பெற்ற வட்டிக்கடை 1951ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டத்தின் கீழ் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். விளம்பரத்துக்குத் தனி அனுமதியும் எடுக்க வேண்டும். நிறுவனத்தின் பெயர், முகவரி, உரிம எண், விளம்பர அனுமதி எண் எல்லாம் தெரிய வேண்டும். ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, ஈடுள்ள கடனுக்கு 12 விழுக்காடுதான் உச்சவரம்பு. வட்டிக்கு வட்டி போடக் கூடாது. 1,000 வெள்ளியை ஈடில்லாமல் ஓராண்டுக்கு வாங்கினால் அதிகபட்சம் 180 வெள்ளி வட்டி. மாதம் 98 வெள்ளி 33 காசு கட்டினால் கணக்கு முடியும். ஆலோங், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரர், 2,000 என்று சொல்லி 1,600ஐக் கையில் கொடுத்து வாரத்துக்கு 200 கேட்பதை இதோடு ஒப்பிடுங்கள். கடன் தருமுன் 'பரிசீலனைக் கட்டணம்', 'முத்திரைக் கட்டணம்' என்று உங்கள் பணத்தை முதலில் கேட்டால் கடனே வரப்போவதில்லை. வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கேட்கிறவரிடம் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் உங்களுக்குத் தரப்பட வேண்டும்.

இதையெல்லாம் சொல்லும்போது, நம் ஆட்களே போடும் விளம்பரத்தையும் சொல்லியாக வேண்டும். தையல் கடை அக்கா, முறுக்குச் சுட்டு முகநூலில் விற்கும் குடும்பம், கல்யாணச் சமையல் எடுக்கும் அண்ணன். பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருக்காது, விதி தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள். இணையத்தில் விற்றால் பெயர், தொழில் பதிவு எண், தொடர்பு எண், மின்னஞ்சல், முகவரி, பொருளின் முக்கியத் தன்மை, போக்குவரத்துச் செலவு சேர்த்த முழு விலை, பணம் கட்டும் முறை, எப்போது வந்து சேரும் என்பவற்றைப் போட வேண்டும். 2012இல் முதலில் வந்த மின்வர்த்தக விதிகள் இதைக் கட்டாயமாக்கின. 'விலைக்கு உள்பெட்டியில் கேளுங்கள்' என்று எழுதுவதே தவறு. ஆளுக்கு ஒரு விலை சொல்ல அது வழிவிடுகிறது. மலிவு விலையில் சேலை என்று விளம்பரம் போட்டு, இரண்டே சேலையை வைத்துக்கொண்டு வந்தவரை வேறு விலைக்குத் திருப்பிவிடுவது தூண்டில் விளம்பரம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அதைத் தனியாகவே பெயர் சொல்லித் தடுக்கிறது. இருப்பு குறைவு என்றால் எத்தனை என்று எழுதிவிடுங்கள். 'முதல் 50 பேருக்கு' என்றால் ஐம்பதோடு நிறுத்த வேண்டும்.

கடைப் பெயர்ப்பலகைக்கும் பதாகைக்கும் நகராண்மைக் கழக உரிமம் வேண்டும். அதில் மலாய் மொழியே முதன்மையாகத் தெரிய வேண்டும். தமிழை அழகாகச் சேர்க்கலாம், மலாயைவிடப் பெரிதாகக் கூடாது. வாசகத்தை மலாய் மொழிக்கான அரசாங்க அமைப்பான டேவான் பஹாசாவுக்கு மொழிச் சரிபார்ப்புக்கு அனுப்பி, அந்த ஒப்புதல் வந்தபின் அச்சுக்குக் கொடுங்கள். முதலில் பலகையை அடித்துவிட்டு விண்ணப்பிப்பவர்கள்தான் இரண்டு முறை காசு கட்டுகிறார்கள். தீபாவளிக் காலத்தில் ஆட்டிறைச்சி, தேங்காய், தக்காளி, பருப்பு போன்றவற்றுக்கு உச்சவிலை அறிவிப்பார்கள். பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அறிவித்த பொருளுக்கு இளஞ்சிவப்பு விலைச்சீட்டு வைக்க வேண்டும். பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு டிக்டாக்கில் புகழ்கிறவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு உள்ளடக்க நெறிமுறை கேட்கிறது. ஒரு தட்டுப் பிரியாணி இலவசமாகச் சாப்பிட்டதும் அதில் சேர்த்திதான்.

ஏமாந்தபின் என்ன செய்வது? தாளைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் சாட்சி. கிடைத்த தேதியும் இடமும் பின்பக்கம் எழுதி வையுங்கள். இணைய விளம்பரம் என்றால் இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி திரையைப் படம் பிடித்து வைக்கவும். ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவார்கள். மீதி மருந்தையும் பெட்டியையும் வைத்திருங்கள். மருந்து விவகாரம் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவுக்குப் போக வேண்டும். விலை, இலவசம், தூண்டில், வீட்டுவாசல் விற்பனை எல்லாம் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கு. மின்கம்ப ஒட்டி நகராண்மைக் கழகத்துக்கு. ஆலோங் மிரட்டினால் நேராகப் போலீஸ். எழுதத் தடுமாறுகிறவருக்குப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளில் தமிழில் பேசிப் புகார் கொடுக்க முடியும்.

பணம் திரும்ப வேண்டுமென்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். முதலாம் பாரத்தை (படிவத்தை) நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும். 50,000 வெள்ளி வரை கோரலாம். சம்பவம் நடந்து மூன்றாண்டுக்குள் பதிய வேண்டும். இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேசலாம். உடம்புக்கு நேர்ந்த கெடுதிக்கு அங்கே நட்டஈடு கேட்க முடியாது. கொடுத்த காசைத்தான் கேட்கலாம். பாரத்தில் பலர் செய்யும் தவறு, விற்றவரின் கைப்பேசி எண்ணை மட்டும் எழுதுவது. நிறுவனத்தின் பதிவுப் பெயரும் முகவரியும் இல்லாமல் அழைப்பாணை போகாது. தாளின் அடிவரி இங்கேயும் தேவைப்படுகிறது. அழைப்பாணை கிடைத்த எதிர்தரப்பு 14 நாளுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். தீர்ப்பானபின் 14 நாளில் பணத்தைத் திருப்பவில்லை என்றால், அதன்பின் அது குற்றவழக்கு.